ஊர்த் திருவிழாவை வெளியூர் விருந்தினருக்குச் சொல்வது எப்படி?

மதுரைப் பக்கம் ஏதாவது ஒரு அம்மன் கோயில் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். மேலே பிள்ளையார் சுழி, சாமி படம். "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கி தமிழ் வருஷம், மாதம், தேதி, நட்சத்திரம், திதி. அதன் கீழே காப்புக் கட்டு, முளைப்பாரி, பால்குடம், அக்கினிச் சட்டி, பூக்குழி, மஞ்சள் நீராட்டு என்று நிகழ்ச்சிகள். பிறகு மண்டகப்படிதாரர் (சாமி நின்று போகும் இடத்து உபயத்தை ஏற்றவர்கள்) பெயர்கள். கடைசியில் "அனைவரும் வருக, அம்மன் அருள் பெறுக". ஊர்க்காரருக்கு இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். பூக்குழி எந்தத் திடலில், எந்தப் பக்கம் நின்றால் நன்றாகத் தெரியும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவருக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

அதே நோட்டீஸை, கொடைக்கானல் போகிற வழியில் இரண்டு நாள் மதுரையில் தங்கியிருக்கும் பெங்களூர்க் குடும்பத்திடம் கொடுத்தால், மரியாதைக்கு வாங்கி மடித்து வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியவை ஐந்து விஷயங்கள். என்றைக்கு? எத்தனை மணிக்கு? எங்கே நின்று பார்ப்பது? எப்படிப் போய் எப்படித் திரும்புவது? நாங்கள் வரலாமா? கடைசிக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் அதற்குப் பதில் கிடைக்காததால்தான் பாதிப் பேர் வராமல் இருந்துவிடுகிறார்கள். விருந்தினருக்கான திருவிழா விளம்பரம் என்றால், இந்த ஐந்துக்கும் உரிய நேரத்தில், உரிய இடத்தில், அவர்களுக்குப் புரிகிறபடி பதில் வைப்பதுதான்.

பெரிய விழாவுக்கு வழிகாட்டல், சின்ன விழாவுக்கு அழைப்பு

முதலில் உங்கள் விழா எந்த வகை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்குக் கூட்டம் சேர்க்க யாரும் நோட்டீஸ் அடிக்க வேண்டியதில்லை. 2022-ல் அன்றைய நெரிசலில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அங்கே விளம்பரத்தின் வேலை ஆள் சேர்ப்பது கிடையாது. ஏற்கெனவே வருகிறவர்களைப் பிரித்து அனுப்புவது.

அழகர் விழா ஒரு காலைப்பொழுதோடு முடிவதில்லை என்பது வெளியூர்க்காரர்களில் பலருக்குத் தெரியாது. முதல் நாள் மூன்றுமாவடியிலும் தல்லாகுளம் பக்கமும் எதிர்சேவை, அதாவது மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்பது. மறுநாள் காலை ஆழ்வார்புரம் அருகே வைகையில் இறங்குகிறார். அதற்கு மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம். அன்று இரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம். அதற்கும் மறுநாள் இரவு பூப்பல்லக்கு. கைக்குழந்தையோடு வருகிற குடும்பத்திடம், "ஆற்றில் இறங்குவதை டிவியில் பாருங்கள், எதிர்சேவைக்குக் காலையிலேயே நேரில் போங்கள்" என்று சொல்வதுதான் நல்ல விளம்பரம். அங்கேயும் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும்: தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சும் பக்தர்கள் கூட்டத்துக்கு நடுவே வருவார்கள், அதனால் செல்போனுக்கும் கேமராவுக்கும் உறை வேண்டும். இந்த ஒரு வரி பல்லாயிரம் ரூபாய்ப் பொருளைக் காப்பாற்றும்.

சின்ன விழாக்களின் நிலை வேறு. சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் கோயிலில் வைகாசித் திருவிழா 17 நாள் நடக்கும். திருமங்கலம் அருகே வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் தை மாதம் விடிகாலையிலேயே வந்தவர்க்கெல்லாம் பிரியாணி பிரசாதம். மேலூர்ப் பக்கம் கண்மாய்த் தண்ணீர் வற்றும் காலத்தில் மீன்பிடித் திருவிழா. ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஊரே தண்ணீரில் இறங்கும். மதுரையில் அறை எடுத்திருப்பவருக்கு, ஒரு மணி நேரப் பயணத்தில் இப்படி ஒன்று நாளைக்கு நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. இதுதான் உண்மையான இடைவெளி. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

ஊர் சம்மதம் முதலில்

திருவிழா, தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் பணம்) கொடுத்தவர்களுடையது. ஆகவே நோட்டீஸ் அடிக்கும் முன் ஊர்க்கூட்டத்தில் ஒரு கேள்வி வைக்க வேண்டும்: வெளியாட்கள் வந்து பார்ப்பது நமக்குச் சம்மதமா, எந்தெந்த நிகழ்ச்சிக்கு? பெரும்பாலும் முழுச் சம்மதமோ முழு மறுப்போ வராது. பால்குடத்துக்கும் தேருக்கும் தாராளமாக வரலாம், நள்ளிரவில் கருப்பசாமிக்குப் படையல் போடும்போது வேண்டாம் என்பார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். குலதெய்வப் பூஜைகள், ஆண்கள் மட்டும் கூடும் கிடா விருந்துகள், பங்காளிகளுக்குள் நடக்கும் சடங்குகள் எல்லாவற்றுக்கும் விருந்தினர் வேண்டியதில்லை. அழைக்காத நிகழ்ச்சியை நோட்டீஸில் போடாமல் விடுவதும் விளம்பரத் திட்டத்தில் சேர்ந்ததுதான்.

அதே கூட்டத்தில் இரண்டு எண்களையும் முடிவு செய்யுங்கள். ஒன்று, எத்தனை வண்டி நிறுத்த முடியும். ஒரு காருக்குத் திரும்பும் இடத்தையும் சேர்த்துச் சுமார் 25 சதுர மீட்டர் தேவை. ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டருக்குச் சற்றே அதிகம். அப்படியென்றால் அறுவடை முடிந்த 10 சென்ட் நிலத்தில் 15, 16 கார் நிற்கும். இரண்டாவது, பெண்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை எத்தனை. பள்ளிக்கூடக் கழிப்பறையைத் திறந்து கொடுக்க முடியுமா, அங்கே தண்ணீர் வருமா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இந்த இரண்டு எண்களும் எவ்வளவோ, அந்த அளவுக்குத்தான் விளம்பரம் செய்யலாம். 15 கார் நிற்கும் ஊருக்கு 150 கார் வந்தால், அடுத்த ஆண்டு விருந்தினரே வேண்டாம் என்று ஊர் சொல்லிவிடும்.

விருந்தினர் யார், எப்போது முடிவெடுக்கிறார்

மதுரைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் சென்னை, கோவை, பெங்களூர்க் குடும்பங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகும் ஐயப்ப பக்தர்கள். ஆண்டு முழுவதும் ராமேசுவரம், மதுரை, கன்னியாகுமரி என்று ஒரே சுற்றாக வரும் வடநாட்டு யாத்திரைக் கூட்டம். பனிக்காலத்தில் வெளிநாட்டினர். சிங்கப்பூர், மலேசியா, இலங்கைத் தமிழர்கள் பெரும்பாலும் சொந்தபந்தம் பார்க்க வந்து, கையோடு கோயிலுக்கும் போவார்கள்.

இவர்களில் முன்கூட்டியே திட்டமிடுகிறவர்கள் ஒரு பக்கம், வந்த இடத்தில் முடிவெடுக்கிறவர்கள் இன்னொரு பக்கம். முதல் வகையினர் ரயில் டிக்கெட்டைப் பொறுத்து அசைவார்கள். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. திருவிழா நேரத்து மதுரை ரயில்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே முன்கூட்டி வருகிறவர்களை எதிர்பார்க்கும் விழா என்றால், தேதி 75 நாளுக்கு முன்பாவது வெளியே தெரிந்திருக்க வேண்டும். 40 நாள் இருக்கும்போது சொல்வது அவர்களைப் பொறுத்தவரை சொல்லாததற்குச் சமம்.

ஆனால் கிராமத் திருவிழாவுக்கு 75 நாளுக்கு முன் தேதி ஏது? சாமி சாட்டினால்தான், அதாவது விழாவை ஊரறிய முறைப்படி அறிவித்தால்தான் தேதி. சாட்டி எட்டாம் நாளோ பதினைந்தாம் நாளோ விழா. மீன்பிடித் திருவிழாவில் அதுவும் இல்லை. தண்ணீர் எவ்வளவு வற்றுகிறதோ அதைப் பொறுத்து ஊர் முடிவெடுக்கும். இப்படிப்பட்ட விழாக்கள் ரயில் பயணியைத் துரத்த வேண்டாம். ஏற்கெனவே மதுரை வந்து இறங்கி, இன்று மாலை விடுதியில் உட்கார்ந்து "நாளைக் காலை என்ன செய்யலாம்" என்று யோசிப்பவர்தான் அவற்றின் விருந்தினர். அவர் தங்குவது ஓரிரவு, மிஞ்சினால் இரண்டு இரவு. மாலை 5 மணியிலிருந்து 9 மணிக்குள் அவர் கண்ணில் பட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

தேதியில் நேரும் பிழைகள்

தமிழ் மாதத் தேதியும் திதியும் நமக்குப் பழக்கம். விருந்தினருக்கு ஆங்கிலத் தேதி வேண்டும். இரண்டுக்கும் நடுவில்தான் குழப்பம் அதிகம்.

தை 1 அவனியாபுரம், தை 2 பாலமேடு, தை 3 அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வரிசை நமக்கு மனப்பாடம். ஆனால் தை 1, 2024-ல் ஜனவரி 15-ஆம் தேதி. 2025-ல் 14-ஆம் தேதி. போன வருஷத்து ஆங்கிலத் தேதியை நம்பி அறை போட்டவர் ஒரு நாள் தவறவிடுவார். சித்திரைத் திருவிழாவில் வித்தியாசம் இன்னும் பெரிது. அழகர் ஆற்றில் இறங்கியது 2022-ல் ஏப்ரல் 16, 2023-ல் மே 5, 2024-ல் ஏப்ரல் 23, 2025-ல் மே 12.

அதற்குள்ளும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மீனாட்சி திருக்கல்யாணம், மறுநாள் தேரோட்டம், அதற்கு மறுநாள் அழகர் என்று பலர் மூன்று நாள் கணக்கில் அறை எடுக்கிறார்கள். 2024-ல் அது ஏப்ரல் 21, 22, 23 என்று சரியாக அமைந்தது. 2025-லோ திருக்கல்யாணம் மே 8, தேர் மே 9, அழகர் மே 12. நடுவில் இரண்டு நாள் இடைவெளி. மூன்று நாள் கணக்கில் வந்தவர், அழகரைப் பார்க்காமல் ஊர் திரும்பியிருப்பார். சித்திரைத் திருவிழா பற்றி எதைப் பகிர்ந்தாலும் இந்த மூன்று தேதிகளையும் தனித்தனியாகப் போடுங்கள். "சித்திரைத் திருவிழா மே 8 முதல் 12 வரை" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள்.

பழைய போஸ்டர் மறுபடி உலா வருவது இன்னொரு தொல்லை. வாட்ஸ்அப்பில் மூன்று வருஷத்துக்கு முந்தைய அழைப்பிதழ் புதிதுபோல் வந்து நிற்கும். காரணம், அதில் ஆண்டு எண்ணில் இல்லை. "விசுவாவசு" என்றோ "குரோதி" என்றோ மட்டும் இருக்கும். அறுபது வருஷப் பெயரை வைத்து ஆண்டு கண்டுபிடிப்பவர்கள் நம்மிலேயே குறைவு. ஆகவே ஒவ்வொரு தாளிலும் நான்கும் சேர்ந்து வரட்டும்: தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, எண்ணில் ஆண்டு. தேதி தவறாக அச்சாகியிருந்தால் கிழமை அதைக் காட்டிக்கொடுக்கும். அச்சுக்கு முன் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று காலண்டரில் ஒருமுறை பார்க்க அரை நிமிடம் போதும்.

முகூர்த்த நேரமும் வந்துசேரும் நேரமும்

நேரத்தைச் சொல்வதில் விருந்தினரை அதிகம் நோகவைப்பது "இரவு 1 மணி" என்ற எழுத்து. "சனிக்கிழமை இரவு 1 மணிக்குப் பூச்சப்பரம்" என்றால் ஊர்க்காரருக்குச் சனி ராத்திரி தூங்காமல் காத்திருக்க வேண்டும் என்று புரியும். கடிகாரப்படி அது ஞாயிறு அதிகாலை. வெளியூர்க்காரர் சிலர் வெள்ளி நள்ளிரவு தாண்டியதும் வந்து, ஆளில்லாத கோயிலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இப்படி எழுதுங்கள்: "சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி, ஞாயிறு அதிகாலை 1 மணி". நீளம்தான், ஆனால் ஒருவரும் தவற மாட்டார்கள்.

அடுத்தது, எல்லா நேரமும் ஒரே வகை நேரம் கிடையாது. திருக்கல்யாணம், கொடியேற்றம், தேர் வடம் பிடித்தல், ஆற்றில் இறங்குதல் ஆகியவை முகூர்த்தத்துக்குக் கட்டுப்பட்டவை. சொன்ன நேரத்தையொட்டி நடக்கும். சாமி வீதியுலா வந்துசேரும் நேரம் அப்படி இல்லை. அழகர் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறார்; ஒவ்வொன்றிலும் சில நிமிடம் கூடினாலே முடிவில் மணிக்கணக்காகிவிடும். கிராமத்துச் சப்பரமும் அப்படித்தான், வீட்டுக்கு வீடு தேங்காய்ப் பழத் தட்டு வாங்கித்தான் நகரும். நோட்டீஸில் இரண்டுக்கும் ஒரே மாதிரி "7 மணி" என்று போட்டால், விருந்தினர் ஒன்றில் தவறவிடுவார், மற்றொன்றில் சலித்துப்போவார்.

முகூர்த்த நிகழ்ச்சிக்கு, "இடம் பிடிக்க ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள்" என்று எழுதுங்கள். வீதியுலாவுக்கு, "இரவு 7 முதல் 10 மணிக்குள் இந்த வழியாக வரும், காத்திருக்க நேரலாம், பக்கத்தில் டீக்கடை உண்டு" என்று எழுதுங்கள். காத்திருக்க வேண்டும் என்று முன்பே தெரிந்தவருக்கு அது தாமதமாகவே தோன்றாது. டீ குடித்துக்கொண்டு ஊரை வேடிக்கை பார்ப்பார்.

மூடியிருக்கும் நேரத்தையும் சொல்ல வேண்டும். தைப் பௌர்ணமித் தெப்பத் திருவிழா அன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போய்விடுவதால், மீனாட்சி கோயில் நடை சாத்தியிருக்கும். புட்டுத் திருவிழா அன்றும் அப்படியே. தெரியாமல் வந்தவர் பூட்டிய வாசலில் நின்று மனம் வாடுவார். "இன்று அம்மன் இங்கே இல்லை, தெப்பக்குளத்தில் இருக்கிறார், காலையில் தெப்பம் இழுப்பார்கள், இரவு விளக்கொளியில் மறுபடியும்" என்று யாராவது சொன்னால், வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும் காட்சி அவருக்குக் கிடைத்துவிடும்.

ஒரு பக்கத் தாள்

இனி தாளை எழுதலாம். ஊர் நோட்டீஸை மாற்ற வேண்டாம். அது அதன் வேலையைச் செய்யட்டும். விருந்தினருக்கு ஏ5 அளவில், அதாவது ஏ4-ல் பாதியில், தனித்தாள். 17 நாள் விழாவானாலும் அதில் மூன்று நிகழ்ச்சிக்கு மேல் போடாதீர்கள். எந்த மூன்று என்றால், இருட்டுவதற்குள் முடிவது ஒன்று, குழந்தைகள் பார்க்கக்கூடியது ஒன்று, உங்கள் ஊருக்கே உரியது ஒன்று.

ஒரு நிகழ்ச்சியை எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி. ஊர் நோட்டீஸில் இப்படி இருக்கும்: "மாலை 5 மணியளவில் பக்தகோடிகள் பூக்குழி இறங்குதல்." விருந்தினர் தாளில் இப்படி:

"பூக்குழி (தீ மிதித்தல்). விரதமிருந்த பக்தர்கள் வேப்பிலை ஏந்தி நெருப்பின் மேல் நடந்து வருவார்கள். ஞாயிறு மாலை 5 முதல் 7 மணி வரை. கோயிலுக்குக் கிழக்கே பள்ளிக்கூடத் திடல். வடக்குப் பக்கம் கயிற்றுக்கு வெளியே நின்று பாருங்கள், புகை அந்தப் பக்கம் வராது. மதுரை பெரியார் பஸ் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம். 3 மணிக்குள் கிளம்புங்கள். மதுரைக்குக் கடைசி பஸ் இரவு 9.10. எல்லாரும் வரலாம், கட்டணம் இல்லை. படம் எடுக்கலாம், அருள் வந்து ஆடுபவரின் முகத்தருகே செல்போனை நீட்ட வேண்டாம். செருப்பை அரசமரத்தடியில் விடவும்."

இதில் புகை எந்தப் பக்கம் வராது என்ற வரியைக் கவனியுங்கள். அது உள்ளூர் அறிவு. அந்த மாதத்தில் எந்தப் பக்கக் காற்று என்று ஊருக்குத் தெரியும்; வேறு யாராலும் எழுத முடியாது. கடைசி பஸ் நேரத்தைப் போன வருஷத் தாளிலிருந்து எடுக்காமல், அந்த வாரம் கண்டக்டரிடம் கேட்டுப் போடுங்கள். திருவிழா அன்று பஸ் ஊருக்குள் வராமல் விலக்கிலேயே (பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் இடம்) திரும்பும் என்றால் அதையும் சேருங்கள். இருட்டில் விலக்கு வரை நடப்பது புதியவருக்குப் பெரிய விஷயம்.

எழுத்து 12 புள்ளிக்குக் குறைய வேண்டாம். தொடர்பு எண் ஒன்று கட்டாயம், ஆனால் அது கோயில் கமிட்டித் தலைவருடையதாக இருக்கக் கூடாது. விழா அன்று அவர் போனை எடுக்க முடியாது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருவரிடம் ஒரு தனி எண்ணைக் கொடுத்து, மூன்று நாளைக்கு அந்த வேலையை மட்டும் ஒப்படையுங்கள்.

கியூஆர் கோடு போடுவதானால் கையில் பிடிக்கும் தாளில் இரண்டரை சென்டிமீட்டர் அகலம் போதும். சுவரில் ஒட்டும் போஸ்டரில் போதாது. ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும் என்பது கணக்கு. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பத்து சென்டிமீட்டர். கோடு எங்கே போய்த் திறக்கிறது என்பதும் முக்கியம். படக் கோப்புக்கு நேராகப் போனால், அச்சடித்த பிறகு நேரம் மாறும்போது ஒன்றும் செய்ய முடியாது. திருத்தக்கூடிய ஒரு பக்கத்துக்குப் போக வேண்டும். அதன் மேலே "கடைசியாகத் திருத்தியது: இந்தத் தேதி, இந்த மணி" என்று இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, வேறு மொழிக்கு மாற்றுவதும் சிரமம். படத்தின் கீழே அதே தகவலைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள்.

வரைபடத்தில் ஊசி எங்கே

செல்போன் வரைபடத்தில் "மாரியம்மன் கோயில்" என்று தேடினால் மதுரை மாவட்டத்தில் எத்தனை வரும் என்று எண்ண முடியாது. தேடச் சொல்லாமல் இடத்தின் இணைப்பையே கொடுங்கள். அதிலும் பெரும்பாலானவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள்: ஊசியைக் கோயில் மேல் குத்துகிறார்கள். விழா அன்று கோயிலைச் சுற்றி வண்டி போகாது. வரைபடம் விருந்தினரின் காரைப் பந்தலுக்குள்ளேயே கொண்டுவந்து விடும். முன்னால் மேளம், பின்னால் டிராக்டர், திருப்ப வழியிருக்காது. ஊசி இருக்க வேண்டிய இடம் வண்டி நிறுத்தும் நிலம். அங்கிருந்து கோயிலுக்கு எத்தனை நிமிட நடை என்பதை எழுத்தில் சொல்லுங்கள். ஊசி வைத்த பிறகு, ஊருக்குப் புதிதாக வந்த யாராவது ஒரு மாப்பிள்ளையையோ டிரைவரையோ அந்த இணைப்பை மட்டும் வைத்து வரச் சொல்லிச் சோதியுங்கள்.

மொழிபெயர்ப்பில் எரியும் பூக்குழி

தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றும் இருந்தால் போதும். எந்திர மொழிபெயர்ப்பை அப்படியே நம்பி அச்சடிக்க வேண்டாம். பூக்குழியைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் பூக்கள் நிரப்பிய குழி ஆகிவிடும். பூ பார்க்கலாம் என்று குழந்தையைக் கூட்டிவந்தவர் நெருப்பின் முன் நிற்பார். முளைப்பாரி, மண்டகப்படி, எதிர்சேவை, சப்பரம் போன்ற சொற்களுக்கு வேறு மொழியில் ஈடு தேட வேண்டாம். நம் சொல்லையே அவர்கள் எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். முளைப்பாரி: நவதானியத்தை இருட்டறையில் முளைக்கவைத்து, பெண்கள் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய் நீரில் கரைப்பது, மழைக்கும் விளைச்சலுக்கும் வேண்டுதல். வந்தவர் ஒரு புதுச் சொல்லோடு ஊர் திரும்புவார்.

இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதியதை அந்த மொழி பேசும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். மதுரையில் அது கடினமில்லை.

தாளை எங்கே வைப்பது

பிளக்ஸ் பேனரை இதற்கு நம்ப வேண்டாம். அதற்கு உள்ளாட்சி அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம். வரி கொடுத்தவர்களுக்கும் உபயதாரர்களுக்கும் மரியாதை செய்யும் இடம் அது. அவர்கள் படங்களுக்கு நடுவில் நேரமும் வழியும் கண்ணில் படாது.

முதல் இடம் விடுதி வரவேற்பு மேசை. ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன் ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி வட்டாரத்தில் நடந்தே பல விடுதிகளுக்குக் கொடுத்துவிடலாம். கட்டாகக் கொடுத்தால் மேசைக்கு அடியில் போய்விடும். 15 தாள் போதும், நான்கு நாளுக்கு ஒருமுறை போய் நிரப்புங்கள். தாளை வைத்துவிட்டு வந்துவிடாமல், மேசையில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். பகல் ஷிஃப்ட் ஆளிடம் சொன்னது இரவு ஷிஃப்ட் ஆளுக்குத் தெரியாது. இருவரிடமும் சொல்ல வேண்டும். விருந்தினர் "நாளை என்ன பார்க்கலாம்" என்று கேட்பது பெரும்பாலும் இரவு ஆளிடம்தான். அவரையும் குடும்பத்தோடு விழாவுக்கு அழையுங்கள். ஒருமுறை நேரில் பார்த்தவர் சொல்லும் சொல்லுக்குத் தனி பலம் உண்டு.

அதற்கு அடுத்து டாக்சி, ஆட்டோ டிரைவர்கள், உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டிகள். டிரைவருக்கு வேண்டியது வேறு தகவல்: வண்டி நிறுத்த இடம் உண்டா, காத்திருக்கும்போது சாப்பாடு கிடைக்குமா. அன்னதானத்தில் டிரைவர்களுக்கு ஒரு பந்தி ஒதுக்குங்கள். அடுத்த வருஷம் அவர்களே ஆள் கூட்டிவருவார்கள்.

சுற்றுலாத் துறை அலுவலகத்துக்கு முறையாக ஒரு கடிதம் கொடுங்கள். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் வெளிநாட்டினருக்குத் தனி மேடை அமைப்பதும், பொங்கலுக்குக் கிராமங்களுக்கு அவர்களை அழைத்துப் போவதும் அவர்களுக்குப் பழக்கமான வேலை. ஒரு மாதம் முன்பாவது கொடுத்தால்தான் பட்டியலில் சேரும். நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் வரும் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதிக்குக் கட்டணம் இல்லை. மூன்று நாள் முன்பு நான்கே வரியில் அனுப்புங்கள். ஆங்கில நாளிதழின் மதுரைப் பக்கத்தையும் விடாதீர்கள், வெளிமாநிலத்தவர் விடுதியில் புரட்டுவது அதைத்தான்.

படங்கள்

கூட்டத்தின் படம் யாரையும் அழைக்காது, பயமுறுத்தும். ஒரு கை முளைப்பாரி வைக்கும் படம், தேர்ச் சக்கரத்துக்குச் சறுக்குக்கட்டை போடுபவர், விடிகாலையில் அண்டாவைத் திறக்கும் நேரத்து ஆவி; இப்படி அருகில் எடுத்தவை நன்றாக வேலை செய்யும். அருள் வந்து ஆடுபவர், அலகு குத்தியவர், குழந்தைகள் ஆகியோர் முகம் தெரியும் படத்தை அவர்களோ பெற்றோரோ சம்மதிக்காமல் போடவே கூடாது. வேறு ஊர்த் திருவிழாப் படத்தை எடுத்துப் போட்டால் வந்தவர் ஏமாந்ததாக உணர்வார். தேரே இல்லாத ஊருக்குத் தேர்ப் படம் எதற்கு?

ஆபத்தையும் மறைக்க வேண்டாம். ஜல்லிக்கட்டில் பலர் வாடிவாசலைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். பார்வையாளர்கள் காயப்படுவது, காளைகள் வெளியேறி உரிமையாளர்கள் பிடித்துக் கட்டும் பகுதியிலும்தான். அங்கே தடுப்பு இருக்காது. "மேடையை விட்டு இறங்கிச் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள்" என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். வெயில், நிழலின்மை, தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். மீனாட்சி கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை என்பதையும் முன்பே சொன்னால், விருந்தினர் அறையிலேயே வைத்துவிட்டு வருவார். வாசலில் வரிசையில் நிற்க வேண்டாம்.

விழா நாளும் மறுநாளும்

ஊர் எல்லையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு குடம் தண்ணீர், ஒரு நோட்டுப் புத்தகம். வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி: "எப்படித் தெரிந்து வந்தீர்கள்?" விடுதி, டிரைவர், வாட்ஸ்அப், நாளிதழ் என்று நான்கு பத்தி போட்டு ஒரு கோடு இழுத்தால் போதும். எந்த வழி வேலை செய்தது என்று அன்று இரவே தெரிந்துவிடும். அடுத்த ஆண்டுப் பணத்தை அங்கே செலவிடலாம். ஊர்ப் பெண்கள் ஒருவராவது அந்த மேசையில் இருக்கட்டும். தனியாக வரும் பெண் விருந்தினருக்கு அந்த முகம்தான் முதல் நம்பிக்கை.

மறுநாள் காலை, மஞ்சள் நீராட்டு நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு பேர் மதுரைக்குப் போய், விடுதி மேசைகளில் மிஞ்சிய தாள்களை எடுத்துவந்துவிட வேண்டும். அப்படியே விட்டால், பத்து நாள் கழித்து யாரோ ஒருவர் அதை எடுத்துப் படித்து, தேதியைக் கவனிக்காமல், பிள்ளைகளோடு கார் பிடித்து ஊர் திடலில் வந்து நிற்பார்.